முறிமருந்து பெரிதா, அளவுகோல் பெரிதா?

திருத்தணிக் குன்றின் மேல் உள்ள முருகன் கோயிலுக்கு 365 படிகள் ஏறிச் செல்ல வேண்டும் என்பதைப் பலரும் அறிவர். ஆண்டின் நாள் ஒன்றுக்கு ஒரு படி என்று கணக்குச் சொல்வார்கள். அந்தப் படிகளில் விரைந்து ஏறும் ஒருவருடைய நாடியைப் பிடித்துப் பாருங்கள். அடிவாரத்தில் நிமிடத்துக்கு 70 அல்லது 80 முறை துடித்த இதயம், உச்சிக்குப் போவதற்குள் 120ஐத் தாண்டியிருக்கும். நிழலில் சற்று உட்கார்ந்ததும் துடிப்பு தானாகத் தணியத் தொடங்கும்.

இதயத்துக்கு இரு கடிவாளங்கள் உண்டு. ஒன்று அதை விரட்டும் நரம்புகள். மற்றொன்று அதை அடக்கும் வேகஸ் என்னும் நரம்பு. மூளையின் அடித்தண்டிலிருந்து புறப்பட்டுக் கழுத்து வழியாக மார்புக்கு இறங்கும் இந்த வேகஸ் நரம்பே, உட்கார்ந்தவரின் துடிப்பை மெல்ல மெல்லக் குறைக்கிறது.

இந்த வேகஸ் கடிவாளத்தை ஒரு மருந்து இழுக்கக் கூடும். அறுவை முடிந்து நோயாளி விழிக்கும் தறுவாயில், உலகமெங்கும் பல பத்தாண்டுகளாகச் செலுத்தப்பட்டு வரும் மருந்து அது. நல்ல இதயம் அதைத் தாங்கிக்கொள்ளும். துடிப்பு ஒழுங்கற்ற இதயம் என்ன செய்யும்? இதற்கு விடையாக இன்று புதிய மருந்து ஒன்று முன்வைக்கப்படுகிறது. அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் பெரும்பாலும் அதன் பக்கமே சாய்கின்றன. அந்த விடை எவ்வளவு தூரம் சரி என்பதைத் திருத்தணி போன்ற ஓர் எல்லையோரச் சிற்றூரில் நின்று எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அம்பு நஞ்சிலிருந்து அறுவைக் கூடம் வரை

தென் அமெரிக்கக் காடுகளில் வாழ்ந்த மக்கள் வேட்டைக்குக் குராரே என்னும் நஞ்சை அம்பு நுனியில் தடவினர். அம்பு பட்ட விலங்கின் தசைகள் செயலிழக்கும். மூச்சுத் தசைகளும் அடங்கி விலங்கு இறக்கும். கனடாவின் மான்ட்ரியல் நகரில் 1942 சனவரி 23 அன்று ஹெரால்டு கிரிஃபித், எனிட் ஜான்சன் என்னும் இரு மருத்துவர்கள் இந்நஞ்சின் தூய்மையாக்கப்பட்ட வடிவத்தை அறுவை நோயாளி ஒருவருக்கு அளந்து கொடுத்தனர். வயிற்றுத் தசைகள் தளர்ந்தன, அறுவை எளிதாயிற்று. அன்றிலிருந்து மயக்கவியலின் போக்கே மாறியது எனலாம்.

இன்று பயன்படும் வெக்குரோனியம், ரோக்குரோனியம், அட்ரக்கூரியம் ஆகியவை அந்தக் குராரேயின் வழிவந்த தசை தளர்த்திகள். இவை வேலை செய்யும் முறை எளிது. நரம்பின் முனையிலிருந்து அசெட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் சுரந்து, தசையின் மேலுள்ள ஏற்பிகளில் பொருந்தும். உடனே தசை சுருங்கும். பூட்டில் சாவி நுழைவது போன்றது இது. தசை தளர்த்தியோ நுழையும், ஆனால் திறக்காத போலிச் சாவி. அது துளையை அடைத்துக்கொண்டிருக்கும் வரை உண்மைச் சாவிக்கு இடமில்லை.

அறுவை முடிந்ததும் போலிச் சாவிகளை அகற்றியாக வேண்டும். அகற்றாமல் மூச்சுக்குழாயை எடுத்துவிட்டால் நோயாளி விழித்திருப்பார். ஆயினும் முழு மூச்சு இழுக்க மாட்டார், எச்சிலைச் சரியாக விழுங்க மாட்டார். இரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். கரியமில வாயு சேரும். துடிப்பு ஒழுங்கற்ற இதயத்துக்கு இவ்விரண்டுமே பகை. ஆகவே, “இதய நோயாளிதானே, முறிமருந்தே வேண்டாம்” என்று விட்டுவிடவும் முடியாது. கொடுத்தாலும் இடர், கொடுக்காவிட்டாலும் இடர் என்னும் இக்கட்டு இங்கேதான் பிறக்கிறது.

பழைய முறிமருந்தின் இரு முகங்கள்

1900இல் வியன்னாவில் யாகோப் பால் என்னும் அறிஞர், குராரேயால் செயலிழந்த விலங்கு ஃபைசோஸ்டிக்மின் கொடுத்ததும் மீண்டும் மூச்சு விடத் தொடங்கியதைக் கண்டார். மேற்கு ஆப்பிரிக்கக் கலபார் அவரையிலிருந்து கிடைக்கும் மருந்து அது. அதே வகையில் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டு 1931இல் அறிவிக்கப்பட்டது நியோஸ்டிக்மின். அசெட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை இது தடுக்கிறது. உண்மைச் சாவிகள் சிதையாமல் பெருகுகின்றன. போலிச் சாவிகளை நெருக்கித் தள்ளுகின்றன.

ஆனால் அசெட்டைல்கோலின் தசைக்கு மட்டும் உரிய பொருள் அன்று. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஆட்டோ லோவி 1921இல் வெளியிட்ட ஆய்வை நீங்கள் பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கலாம். இரண்டு தவளை இதயங்கள். ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், அது மெதுவாயிற்று. அதனைச் சூழ்ந்திருந்த திரவத்தை நரம்பில்லாத மற்ற இதயத்தில் விட்டார், அதுவும் மெதுவாயிற்று. நரம்பின் கட்டளையை ஒரு வேதிப்பொருள் சுமந்து செல்கிறது என்பது இவ்வாறு நிறுவப்பட்டது. அந்தப் பொருள் அசெட்டைல்கோலினே எனப் பின்னர்த் தெளிவாயிற்று. 1936இல் லோவியும் ஹென்றி டேலும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஆக, கையின் தசைக்காகக் கொடுக்கும் நியோஸ்டிக்மின் இதயத்தின் கடிவாளத்தையும் சேர்த்தே இழுக்கிறது. துடிப்பு குறைகிறது. இதை ஈடு செய்ய அட்ரோபின் அல்லது கிளைக்கோபைரோலேட் உடன் கொடுக்கப்படுகிறது. இவை வேகஸின் செயலைத் தடுத்து இதயத்தை விரட்டுபவை. ஒரு கையால் கடிவாளத்தை இழுத்து, மறு கையால் சாட்டையை வீசுவது போன்ற ஏற்பாடு!

இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்தால் கவலையில்லை. அட்ரோபின் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் வேலையைத் தொடங்கிவிடும். நியோஸ்டிக்மின் உச்சத்தை எட்ட 7 முதல் 10 நிமிடங்கள் ஆகும். எனவே முதலில் இதயம் ஓடும், பின்னர்த் தயங்கும். கிளைக்கோபைரோலேட் சற்று மெதுவாக எழுவதால் நியோஸ்டிக்மினுக்கு ஏற்ற இணை என்பர். அது உண்மைதான். ஆயினும் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் எல்லாரும் ஒரே வகையினர் அல்லர்.

முடக்குக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கி, மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் நோயாளியை எண்ணிப் பாருங்கள். அவருக்குத் துடிப்பு விரைவதே பெருந்தீங்கு. குறுகிய வால்வு வழியே இரத்தம் கீழறைக்கு இறங்க அவகாசம் இராது, நுரையீரலில் நீர் தேங்கும். இதய மின்னோட்டப் பாதையில் தடை உள்ள முதியவருக்கோ துடிப்பு குறைவதே தீங்கு. மெட்டோபுரோலால், அட்டினலால் போன்ற பீட்டா தடுப்பு மாத்திரைகளை நாள்தோறும் விழுங்குபவருக்கு நியோஸ்டிக்மினின் பிடி இன்னும் இறுகக்கூடும். பிறவியிலேயே க்யூ.டி. இடைவெளி நீண்டவருக்கு இழுப்பும் விரட்டலும் இரண்டுமே நம்பத்தக்கவை அல்ல.

இந்தியாவில் நியோஸ்டிக்மின் 2.5 மி.கி., கிளைக்கோபைரோலேட் 0.5 மி.கி. என இரண்டையும் ஒரே குப்பியில் கலந்து விற்கும் வழக்கம் உண்டு. அவசரத்தில் கைக்கு எளிது. மருந்து மாறிப் போகும் பிழையும் குறையும். ஆனால் மேலே சொன்ன நால்வருக்கும் ஒரே விகிதம் பொருந்துமா? கலவைக் குப்பி மருத்துவரின் கையை எளிதாக்குகிறது. மருத்துவரின் சிந்தனைக்கு இருந்த இடத்தையோ எடுத்துக்கொள்கிறது. இது நம் பழக்கத்தின் மீது வைக்க வேண்டிய முதற் குறை.

ஏட்டுக் கணக்கை நோயாளியின் உடல் பொய்யாக்கிய எடுத்துக்காட்டும் உண்டு. இந்தியாவில் 1994 ஆகஸ்டு 3 அன்று தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் டாக்டர் வேணுகோபால் தலைமையில் முதல் வெற்றிகரமான இதய மாற்று அறுவை நடந்தது. மாற்று இதயத்தில் வேகஸ் நரம்பு அறுபட்டிருக்கும். நரம்பே இல்லாத இதயத்தை நியோஸ்டிக்மின் என்ன செய்துவிடும் என்று கேட்கத் தோன்றும். ஆனால் மாற்று இதயம் பெற்றவர்களுக்கு இம்மருந்து கொடுத்தபின் துடிப்பு மிகக் குறைந்ததும், சிறிது நேரம் நின்றே போனதும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. நரம்பு போனாலும் ஏற்பிகள் போவதில்லை; காலப்போக்கில் நரம்பும் ஓரளவு மீண்டும் வளரக்கூடும். லோவியின் இரண்டாவது தவளை இதயம் நமக்கு முன்பே சொல்லிவிட்ட பாடம் இது.

புதிய மருந்து: புகழும் வரம்பும்

ஸ்காட்லாந்தின் நியூஹவுஸில் ஆர்கனான் நிறுவனத்தின் ஆய்வாளர் ஆன்டன் போம் முற்றிலும் வேறான வழியைக் கண்டார். எட்டு குளுக்கோஸ் அலகுகள் வளையமாக இணைந்த காமா சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்னும் மூலக்கூறைச் சற்று மாற்றியமைத்தால், அதன் நடுத்துளைக்குள் ரோக்குரோனியம் கச்சிதமாக அடங்கிவிடுகிறது. இவ்வாறு பிறந்தது சுகமாடெக்ஸ். இது அசெட்டைல்கோலினைத் தொடுவதில்லை, நொதியையும் தொடுவதில்லை. போலிச் சாவியையே பிடித்துப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடுகிறது. எனவே வேகஸ் கடிவாளம் இழுபடாது, கிளைக்கோபைரோலேட்டும் வேண்டியதில்லை. ஐரோப்பாவில் 2008இலும், ஒவ்வாமை பற்றிய ஐயங்களால் தாமதமாகி அமெரிக்காவில் 2015 டிசம்பரிலும் இது ஒப்புதல் பெற்றது.

2017இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு 41 ஆய்வுகளை, 4,206 பேரின் விவரங்களை ஒன்று திரட்டியது. இடைநிலைத் தளர்ச்சியில் இருந்தவர்கள் நியோஸ்டிக்மினால் மீள ஏறத்தாழ 13 நிமிடங்கள் ஆயின. சுகமாடெக்ஸுக்கு 2 நிமிடங்களே போதுமாயிருந்தன. நாடி மிகக் குறையும் இடர் நியோஸ்டிக்மினுடன் ஒப்பிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைந்தது. இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவருக்கு இது நற்செய்தி என்பதில் ஐயமில்லை.

ஆனால் நற்செய்தியை முழுச்செய்தியாகக் கொள்ளலாகாது. சுகமாடெக்ஸ் கொடுத்த சில நிமிடங்களில் துடிப்பு மிகக் குறைந்து, சிலருக்கு இதயமே நின்ற நிகழ்வுகள் உண்டு என்று அம்மருந்தின் அமெரிக்க விவரத் தாளே எச்சரிக்கிறது. அருகில் அட்ரோபின் எப்போதும் ஆயத்தமாக இருக்க வேண்டும். கடும் ஒவ்வாமை அரிதாயினும் நேர்கிறது. சிறுநீரகம் கடுமையாகப் பழுதுற்றவருக்கு இது பரிந்துரைக்கப்படுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வளையத்துக்குள் ரோக்குரோனியமும் வெக்குரோனியமும்தான் அடங்கும், அட்ரக்கூரியம் அடங்காது. நம் நாட்டில் அட்ரக்கூரியம் பரவலாகப் பயன்படுகிறது. முதலில் அதைக் கொடுத்துவிட்டுக் கடைசியில் சுகமாடெக்ஸைத் தேடுவதில் பொருளில்லை. முறிமருந்து பற்றிய முடிவை அறுவையின் இறுதியில் எடுப்பதன்று. முதல் ஊசி போடுமுன்பே எடுக்க வேண்டும்.

எண்கள் சொல்வது என்ன?

இனி நம் விவாதத்தின் மையத்துக்கு வருவோம். “பழையதா, புதியதா” என்று கேட்பவர்கள் ஒரு கேள்வியைத் தாண்டிச் செல்கிறார்கள்: நோயாளியின் உடலில் இப்போது எவ்வளவு தளர்ச்சி எஞ்சியுள்ளது?

1954இல் பீச்சர், டாட் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் பத்து மருத்துவமனைகளில் ஏறத்தாழ 6 இலட்சம் மயக்க நிகழ்வுகளை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டனர். தசை தளர்த்தி பெறாதவர்களில் 2,100 பேருக்கு ஒருவர் வீதம் மயக்கத்தால் இறந்தார். பெற்றவர்களில் 370 பேருக்கு ஒருவர் வீதம் இறந்தார். மருந்தில் நச்சுத்தன்மை இருக்கிறது என்று அவர்கள் கருதினர். பிரிட்டிஷ் மருத்துவர்கள் பலர் இதை ஏற்கவில்லை. தளர்ச்சி முழுதும் நீங்கும் முன் நோயாளியை விட்டுவிட்டதே காரணம் என்று வாதிட்டனர். எண்கள் ஒன்றே, பழி மட்டும் இடம் மாறுகிறது. மருந்தைக் குறை கூறுவது எளிது, அளக்காமையைக் குறை கூறுவது கடினம் என்பதை அன்றே காண்கிறோம்.

அளக்கும் வழி 1970இல் இங்கிலாந்தின் லிவர்பூலிலிருந்து வந்தது. அலி, அட்டிங், கிரே ஆகியோர் கண்ட முறை இது. மணிக்கட்டில் உள்ள அல்னார் நரம்புக்கு அரை நொடி இடைவெளியில் நான்கு சிறு மின் தூண்டல்கள் தரப்படும். கட்டைவிரல் நான்கு முறை துடிக்கும். தளர்ச்சி எஞ்சியிருந்தால் நான்காவது துடிப்பு முதலாவதைவிட வலிமை குன்றியிருக்கும். நான்காவதை முதலாவதால் வகுத்தால் வருவதே நால்துடிப்பு விகிதம். தொடக்கத்தில் 0.7 போதும் என்றனர். தொண்டைத் தசைகளும் விழுங்கும் திறனும் 0.9க்குக் கீழே பழுதுபடுகின்றன என்று பின்னர்த் தெரிந்ததால், இன்று 0.9 என்பதே எல்லை.

டென்மார்க்கின் விபி-மோகன்சனும் அவருடைய குழுவினரும் 1979இல், மீட்பு அறைக்கு வந்த 72 பேரை அளந்தனர். அவர்களில் 42 விழுக்காட்டினர் 0.7ஐக்கூட எட்டவில்லை. பிரான்சில் 2003இல் டெபேனும் குழுவினரும் 526 பேரை ஆராய்ந்தனர். ஒரே ஒரு முறை தளர்த்தி பெற்று, முறிமருந்து பெறாதவர்கள் இவர்கள். மீட்பு அறைக்கு வந்தபோது 45 விழுக்காட்டினர் 0.9க்குக் கீழே இருந்தனர். “ஒரு ஊசிதானே, நேரம் ஆகிவிட்டதே” என்னும் கணிப்பு எத்தனை பேரை ஏமாற்றியிருக்கிறது என்று பாருங்கள்.

“கருவி எதற்கு? தலையை ஐந்து நொடி தூக்கச் சொன்னால் தெரிந்துவிடுமே” என்று கேட்போர் உண்டு. விகிதம் 0.9ஐ எட்டாதவர்களில் பலரும் தலையைத் தூக்கிவிடுகிறார்கள் என்பதே இதற்கு மறுமொழி. விரலைத் தொட்டுப் பார்த்து உணர்வதும் போதாது; விகிதம் 0.4ஐத் தாண்டிவிட்டால் நான்காவது துடிப்பின் தளர்வைப் பயின்ற கையும் அறிய முடிவதில்லை.

திருத்தணியில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் இது. இன்றும் நகரி, புத்தூர் பக்கத்திலிருந்து தெலுங்கு பேசுவோர் வந்துபோகும் ஊர். அரைமயக்கத்தில் இருக்கும் மூதாட்டியிடம் “தலையைத் தூக்குங்கள்” என்றால் அவர் அசையாமல் இருக்கலாம். அது தளர்ச்சியா, மயக்கமா, மொழி புரியாமையா? “தல எத்தண்டி” என்று சொல்ல அந்த நேரத்தில் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். கட்டைவிரலின் துடிப்புக்கோ தமிழும் தெலுங்கும் ஒன்றே.

2023 நெறிகள்: நிறையும் குறையும்

மேலே குறிப்பிட்ட அமெரிக்கச் சங்கத்தின் வழிகாட்டு நெறிகளில் எட்டுப் பரிந்துரைகள் உள்ளன. கண்ணாலும் கையாலும் மதிப்பிடுவதை மட்டும் நம்பாதீர்கள், எண்ணாகக் காட்டும் கருவியால் கட்டைவிரலில் அளந்து பாருங்கள், விகிதம் 0.9ஐ எட்டிய பின்பே மூச்சுக்குழாயை எடுங்கள் என்பவை அவற்றின் உயிர்நாடி. இவற்றைக் கருவியின் விலையைச் சொல்லி மறுக்க இயலாது. பல ஆண்டுகள் உழைக்கும் கருவி அது. ஒவ்வொரு நோயாளிக்கும் வாங்க வேண்டிய மருந்து அன்று.

அடுத்து, ஆழ்ந்த தளர்ச்சியிலிருந்து மேலோட்டமான தளர்ச்சி வரை சுகமாடெக்ஸையும், விகிதம் 0.4க்கும் 0.9க்கும் இடைப்பட்ட மிகக் குறைந்த தளர்ச்சியில் மாற்றாக நியோஸ்டிக்மினையும் நெறிகள் குறிப்பிடுகின்றன. அறிவியல் நோக்கில் இது செம்மையான வரிசை. ஆயினும் துடிப்புக் கோளாறு உள்ளவருக்கென்று தனிப் பரிந்துரை எதுவும் அந்த எட்டில் இல்லை. நியோஸ்டிக்மின் ஆழ்ந்த தளர்ச்சியில் பலன் தராது என்பதால் அதைத் தள்ளிவைப்பது ஒரு காரணம். இதயத்தை அடக்கும் என்பதால் தள்ளிவைப்பது வேறொரு காரணம். இரண்டும் கலந்து நின்றால், சுகமாடெக்ஸ் கிடைக்காத இடத்தில் உள்ள மருத்துவர் எதை விட்டு எதைப் பிடிப்பார்? எல்லா ஊரிலும் எல்லாம் கிடைக்கும் என்னும் எண்ணத்தின் மேல் எழுதப்பட்ட நெறிகள் என்றே இவற்றைக் கூற வேண்டியுள்ளது.

மறுதரப்புச் சான்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐரோப்பாவின் 28 நாடுகளில் 22,803 நோயாளிகளைக் கண்காணித்து 2019இல் வெளிவந்த ஆய்வு, கருவி பயன்படுத்தியதாலோ முறிமருந்து கொடுத்ததாலோ நுரையீரல் சிக்கல்கள் குறைந்ததாகத் தெரியவில்லை என்றது. அமெரிக்காவில் பன்னிரண்டு மருத்துவமனைகளில் 45,712 பேரைப் பற்றி 2020இல் வந்த ஆய்வோ, சுகமாடெக்ஸ் பெற்றவர்களுக்கு அத்தகைய சிக்கல் குறைவு என்றது. ஒன்றையொன்று மறுக்கும் இவ்விரண்டில் எதை நம்புவது? ஐரோப்பியத் தரவுகளை மறுபடி அலசியபோது ஒரு விளக்கம் கிடைத்தது: விகிதம் 0.95ஐத் தாண்டும் வரை காத்திருந்தவர்களிடம் சிக்கல் குறைந்திருந்தது. கருவியை மாட்டுவது வேறு; அது காட்டும் எண்ணுக்குப் பணிவது வேறு. வெப்பமானியை வாயில் வைத்துவிட்டு எண்ணைப் பார்க்காமல் எடுத்தால் காய்ச்சல் தெரியுமா?

சிற்றூரின் கணக்கு

விலையின் காரணமாகப் புதிய மருந்து எட்டாது என்பவர்களுக்கும் அளவுகோலே துணை. 60 கிலோ எடையுள்ள நோயாளி ஒருவரைக் கொள்வோம். அவர் பெற்றது ரோக்குரோனியம். நான்கு தூண்டலுக்கு இரண்டாவது துடிப்பு தெரியத் தொடங்கியிருந்தால், கிலோவுக்கு 2 மி.கி. வீதம் 120 மி.கி. சுகமாடெக்ஸ் போதும். தளர்ச்சி ஆழமாக இருந்தால் கிலோவுக்கு 4 மி.கி. வீதம் 240 மி.கி. வேண்டும். ஒரு குப்பியில் இருப்பது 200 மி.கி. ஆகவே முன்னவருக்கு ஒரு குப்பி, பின்னவருக்கு இரண்டு. இன்னும் சிறிது நேரம் மயக்கத்திலேயே வைத்துக் காத்திருந்து, விகிதம் தானாகவே 0.9ஐத் தாண்டிவிட்டால்? ஒரு குப்பியும் வேண்டாம், நியோஸ்டிக்மினும் வேண்டாம். ஒழுங்கற்ற இதயத்துக்கு, தேவைப்படாத மருந்தைவிடப் பாதுகாப்பான மருந்து வேறில்லை. அந்த நோயாளி இவர்தானா என்பதைக் கணிப்பு சொல்லாது, எண் சொல்லும்.

சுகமாடெக்ஸே இல்லாத இடத்திலும் இந்த வாதம் தளர்வதில்லை. விகிதம் 0.4ஐத் தாண்டும் வரை பொறுத்திருந்தால், நியோஸ்டிக்மினின் சிறு அளவே வேலையை முடித்துவிடும். அளவு குறைந்தால் இதயத்தின் மேல் விழும் சுமையும் குறையும். ஈ.சி.ஜி. திரையைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக, நோயாளிக்கேற்ற விகிதத்தில் இரு மருந்துகளையும் தனித்தனியே கொடுக்கலாம்.

வாசகர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. திருத்தணி வட்டாரத்தில் ஒருவருடைய மருத்துவ வரலாறு பல ஊர்களில் சிதறிக் கிடப்பது இயல்பு. திருப்பதியில் ஈ.சி.ஜி., சென்னையில் வால்வு விரிவாக்கம், வேலூரில் மாத்திரை மாற்றம், கடைசியில் சொந்த ஊர்ப் பக்கத்தில் பித்தப்பை அறுவை! எல்லைக்கு இருபுறமும் காப்பீட்டுத் திட்டங்களும் வேறு வேறு. தாள்கள் தாமாக நடந்து வந்து சேர மாட்டா. உங்கள் வீட்டில் நெஞ்சுப் படபடப்போ, பேஸ்மேக்கரோ, காரணமறியா மயக்கமோ உள்ள பெரியவர் இருந்தால், கடைசி ஈ.சி.ஜி.யையும் மாத்திரைப் பட்டியலையும் ஒரே உறையில் வைத்திருங்கள். அறுவைக்கு முன் மயக்கவியல் மருத்துவரிடம் அதைக் காட்டுங்கள். மூன்று கேள்விகளையும் தயங்காமல் கேளுங்கள்: தண்டுவட ஊசி போன்ற வழியில், தசை தளர்த்தியே இல்லாமல் செய்ய முடியுமா? முடியாதெனில் எந்தத் தளர்த்தி, அதற்கு எந்த முறிமருந்து? தளர்ச்சி நீங்கியதை எந்தக் கருவியால் அளப்பீர்கள்?

இக்கேள்விகளால் எந்த நல்ல மருத்துவரும் வருந்த மாட்டார். தனக்கு ஒரு கருவி வேண்டும் என்று நிர்வாகத்திடம் பல முறை கேட்டுச் சலித்தவருக்கு உங்கள் கேள்வி துணையாகவே அமையும். புதிய மருந்தை வரவேற்போம்; பழைய மருந்தைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் எந்த மருந்தையும் கையில் எடுக்கும் முன் நோயாளியின் கட்டைவிரலிடம் கேட்டுக்கொள்வது என்னும் வழக்கம் பெருநகரத்துக்கு மட்டும் உரியதாக இருத்தல் ஆகாது. பெருமருத்துவமனைகள் தொலைவில் உள்ள ஊர்களுக்குத்தான் அது முதலில் தேவை. அங்கே ஒரு தவறைத் திருத்த ஆம்புலன்சில் ஒன்றிரண்டு மணி நேரம் ஆகலாம். தயங்கும் இதயம் அவ்வளவு நேரம் பொறுத்திருப்பதில்லை.